அசையாத முள்

குப்பம்மாவுக்கு ஒரு வியாதி என்று ஊரே சொல்லும். குப்பத்தில் யாரிடமும் இல்லாத பொருள் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அதை வாங்கி வந்து, அது எதற்கு உதவும் என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் சோறு இறங்காது.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்கள் என்று ஊர் சொன்ன டச்சுக்காரர்களின் கொடி பறந்த காலம் அது. பெரிய துரைமார் நாகப்பட்டினத்துக்குப் போய் ஐம்பது அறுபது வருஷம் ஆகியிருந்தது. கோட்டையில் மிச்சமிருந்தவர்களுக்கும் வயிறு இருந்தது, வயிற்றுக்கு மீன் வேண்டியிருந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்திட்டில் கிடந்த நடுத்திட்டுக் குப்பத்திலிருந்து கூடை தூக்கிக்கொண்டு, தோணியேறி ஏரியைக் கடந்து, கோட்டைச் சமையற்கட்டு வரை போகிறவள் குப்பம்மாதான். புதுப் பொருள்கள் அங்கேதான் அவள் கண்ணில் படும்.

முதலில் கத்தரிக்கோல். கோட்டைத் தையற்காரன் தூக்கிப்போட்ட துருப்பிடித்த கத்தரியைக் கேட்டு வாங்கி, தீட்டி, மீனின் செட்டையும் வாலும் அதில் நறுக்க ஆரம்பித்தாள். சந்தையில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “மீனுக்கு சொக்கா தைக்கப் போறியாடி?” என்றார்கள். ஒரு வருஷம் போனது. சிரித்தவர்களே ஒவ்வொருத்தியாக வந்து, அந்தத் தையற்காரன் இன்னொன்று கொடுப்பானா என்று காதோடு காதாகக் கேட்டார்கள்.

அடுத்தது போத்தல். சுரைக்குடுக்கையில் தண்ணீர் எடுத்துப் போய், அலையில் குடுக்கை உடைந்து, நாக்கு வறண்டு ஆண்கள் திரும்புவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. கோட்டையில் காலியான சாராயப் போத்தல் ஒன்றைக் கழுவித் தக்கை அடைத்து, தன் புருஷன் தேசப்பனின் கட்டுமரத்தில் கட்டி அனுப்பினாள். தேசப்பனுக்குக் குடிகாரன் என்று பெயர் கிடைத்தது. இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் போத்தல் இல்லாத கட்டுமரமே குப்பத்தில் இல்லை.

ஊர் என்றால் அப்படித்தான். முதலில் ஒருத்தி வாங்கி அசிங்கப்பட வேண்டும். அவள் அசிங்கப்பட்டு முடித்த பிறகு மற்றவர்கள் கௌரவமாக வாங்கிக்கொள்வார்கள். குப்பம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. “சிரிச்சிட்டுப் போவட்டும். நாளைக்கு அவங்களுக்கும் வோணும்” என்பாள்.

மூன்றாவதாக அவள் வாங்கியதைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவளுடைய நைனா அவளுக்குக் கல்யாணமான வருஷம் மார்கழிப் பனியில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கூடப் போன இரண்டு பேரும் திரும்பவில்லை. அன்றைக்குக் காற்றில்லை, அலையில்லை. பனி மட்டும் இறங்கிக் கரையை மறைத்துவிட்டது. தென்னந்தோப்பு, கோட்டைக் கொடிமரம் என்று கரையில் அடையாளம் பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு அடையாளம் ஒன்றும் தெரியவில்லை. கரையில் நின்றவர்கள் தப்பட்டை அடித்தார்கள். பனிக்குள் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யாரால் சொல்ல முடியும்? கடலிலிருந்து கூவல் இரண்டு தடவை கேட்டது, மூன்றாவது தடவை கேட்கவில்லை. பனியும் மழைத்திரையும் அப்படி விழுங்கிய ஆண்கள், குப்பம்மாவுக்கு நினைவு தெரிந்து அந்தக் குப்பத்தில் மட்டும் பதினொரு பேர்.

ஆகவே, கோட்டையில் காய்ச்சலில் செத்துப்போன ஒரு கப்பல் மாலுமியின் சாமான்களை முற்றத்தில் ஏலம் விட்ட அன்று, சட்டை துணிமணிகளுக்கு நடுவே கிடந்த அந்தப் பித்தளைப் பெட்டியைத் துபாஷி கையில் எடுத்து விளக்கியபோது, குப்பம்மாவின் கூடை தலையிலிருந்து தானாக இறங்கிவிட்டது. உள்ளங்கை அளவுப் பெட்டி. மேலே கண்ணாடி மூடி. உள்ளே ஓர் ஊசியின் நுனியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது ஒரு முள். அதன் ஒரு முனைக்கு நீலம் பூசியிருந்தது. அந்த நீல முனை எந்த நேரமும் வடக்கைத்தான் பார்க்கும் என்றான் துபாஷி. அவள் பெட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். காவல் சிப்பாய்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். முள் அவளோடு சுற்றவில்லை. அது பாட்டுக்கு வடக்கே பார்த்து நின்றது. கையிலிருந்த வெள்ளிக் காப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

பெட்டியை எப்படிப் பார்ப்பது என்பதைத் துபாஷி சொன்னான். எதை அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. தெரிந்தவன் கோட்டைக்கு வெளியே கல்லறையில் கிடந்தான்.

“இன்னாமே இது, பொட்டிக்குள்ள பூச்சியா?” என்றான் தேசப்பன்.

“பூச்சி இல்லைய்யா, வடக்கு. வடக்கப் புடிச்சி பொட்டில போட்டு வச்சிகீறாங்க.”

அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அலை தோளில் மோதுகிற விதத்தை வைத்தே கரை எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடியவன். இந்தப் பெட்டி அவனுக்கு எதற்கு? ஆனாலும் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டான்.

“இத்தப் பாரு. கீழ்க்கடல்ல கீற. கரை எங்க கீது? மேற்கால. நீல மொன ஒன் வலக்கைப் பக்கம் இருந்தா ஒன் மூஞ்சி கரையப் பார்க்குதுன்னு அர்த்தம். அவ்ளோதான். வலக்கைல நீலம், மூஞ்சில கரை.”

“வலக்கைல நீலம், மூஞ்சில கரை” என்று அவன் திருப்பிச் சொன்னான்.

அந்த வருஷம் தை மாதம் பனி இறங்கிய ஒரு காலையில் குப்பத்தின் மற்ற கட்டுமரங்களெல்லாம் கரையிலேயே கிடக்க, தேசப்பன் கடலுக்குப் போனான். கூடப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவன் அடுத்த வீட்டுக் கஸ்தூரியம்மாளின் மூத்த மகன் சம்பந்தம், இன்னொருவன் கைக்குழந்தைக்காரனான மாணிக்கம். ஊர் கரையில் நின்று நகத்தைக் கடித்தது. பனி கலைவதற்கு முன்னாலேயே மரம் நேராகக் குப்பத்து முன்னால் வந்து ஏறியது. அதற்குப் பிறகு தேசப்பன், கரை கண்ணுக்கு மறைகிற தூரத்துக்கும் போக ஆரம்பித்தான். அதுவரை குப்பம் பார்த்திராத பருமனில் வஞ்சிரம் கொண்டுவந்தான். கட்டுமரம் என்பது மரக்கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பெட்டிக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஊர் அதற்கு முள்ளுப்பெட்டி என்று பெயர் வைத்தது. இந்தத் தடவை கேலி ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. ஊர்த் தலைவரான நாட்டார் சுப்பராயலு முதற்கொண்டு நாலைந்து பேர், அடுத்த கப்பல் வரும்போது தங்களுக்கும் ஒன்று பார்த்து வாங்கித் தரச் சொல்லி அவளிடம் சொல்லிவைத்தார்கள். கஸ்தூரியின் இளைய மகன் சகாதேவன் தினமும் வந்து, “சின்னம்மா, ஒரே ஒரு தடவ பார்த்துட்டுத் தரேன்” என்று பெட்டியை வாங்கிக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவான்.

எல்லாரும் பார்த்தார்கள். அதுதான் வினை. ஐப்பசியில் தேசப்பனின் தோளில் ஒரு கட்டி வந்தது. வலை இரண்டு தடவை கிழிந்தது. கஸ்தூரி, குப்பம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னாள்.

“குப்பு, ஊர்க் கண்ணு பூரா அந்தப் பொட்டி மேலதான். எம்புள்ளயும் அந்த மரத்துலதான் போறான். பச்சக் கொழந்த தொட்டில்லகூட ஒரு இரும்பப் போட்டு வைக்கிறோம். இதுக்கு ஒண்ணு வைக்க மாட்டியா?”

குப்பம்மாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அந்தக் கடற்கரையில் யாருக்குத்தான் படாது? குழந்தை தூங்குகிற தொட்டிலில் இரும்பு, சமைந்த பெண்ணின் பாய்க்குப் பக்கத்தில் இரும்பு, கறிச்சோறு கொண்டுபோனால் தூக்குக்கு மேலே ஒரு துண்டு இரும்பு. அருமையான எதற்கும் இரும்புதான் காவல். முகத்துவாரத்தில் உடைந்த பழைய கப்பல் ஒன்றின் பலகைகளை எரித்து எடுத்த விரல் நீள ஆணிகள் குப்பத்தில் வீட்டுக்கு ஒன்றாவது இருந்தன.

பெட்டி நனையாமலிருக்க, புன்னை எண்ணெயில் ஊறிய துணியில் ஒரு பை தைத்திருந்தாள். தேசப்பன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வேண்டும்போது வாயை விரித்துக் குனிந்து பார்ப்பான். குப்பம்மா அந்தப் பையின் அடித்தையலைப் பிரித்து, கப்பலாணி ஒன்றைக் குறுக்கே வைத்து, மூடித் தைத்தாள். பையும் மடங்காமல் விறைப்பாக நின்றது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. கண்ணேறுக்கு வைத்ததைச் சொல்லிவிட்டால் பலிக்காது என்பதால் தேசப்பனிடம் சொல்லவில்லை.

நாலாம் நாள், கார்த்திகை பிறந்த இரண்டாம் நாள், மரம் போனது. விடிந்த கொஞ்ச நேரத்தில் வானம் மூடி மழைத்திரை இறங்கியது. மற்ற மரங்கள் அவசரமாகத் திரும்பிவிட்டன. தேசப்பனின் மரம் திரும்பவில்லை. குப்பம்மா முதல் நாள் பயப்படவில்லை. பெட்டி இருக்கிறதே என்றாள். இரண்டாம் நாள் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலையில் மாணிக்கம் தெற்கேயிருந்து கரையோரமாக நடந்து வந்தான். உடம்பெல்லாம் உப்பில் வெந்து தோல் உரிந்திருந்தது. கழுத்தில் அந்தப் பை தொங்கியது. ஊர் கூடிவிட்டது. அவன் குப்பம்மாவின் முன்னால் மணலில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

“கரை மறஞ்சிபோச்சி. காத்து சுத்திச் சுத்தி அடிக்குது. தேசப்பண்ணன் பைய விரிச்சிப் பார்த்தாரு. வலக்கைல நீலம். சரி, நேரா போலாம்னாரு. துடுப்புப் போட்டோம். ரெண்டு நாழி ஆச்சி, கரை வர்ல. திரும்பவும் பார்த்தாரு. வலக்கைல நீலம். சம்பந்தம் சொன்னான், அண்ணே, அலை முதுவுல அடிக்கணும், மூஞ்சில அடிக்குது, நாம கெழக்கால போறோம்னு. எனக்கும் அப்டித்தான் பட்டுச்சி. அண்ணன் யோசிச்சாரு. அப்பால சொன்னாரு, பொட்டி ஒரு வருசமா பொய் சொன்னதில்லடா, இன்னிக்குப் பாரு, முள்ளு ஆடாம அசையாம இன்னா அழகா நிக்குதுன்னு. அசையவே இல்லக்கா. எப்பப் பார்த்தாலும் வலக்கைலயே நின்னுச்சி. நாங்க போட்டுக்கினே இருந்தோம்.”

இருட்டுகிற நேரத்தில் அலை பெரிதாகிக் கட்டுக்கயிறு தெறித்தது. மரம் தனித்தனிக் கட்டையாகப் பிரிந்தது. சம்பந்தத்தை அப்போதே காணவில்லை. தேசப்பன் பையைக் கழற்றி மாணிக்கத்தின் கழுத்தில் மாட்டினான்.

“‘ஒனக்குக் கொழந்த கீது, நீ இத்த வச்சிக்கினு கரைக்குப் போ’ன்னாரு. அவ்ளோதான் பேசுனாரு.”

மாணிக்கத்தின் கை கட்டையைப் பிடித்திருந்ததே தவிர, துடுப்பு எதுவும் அதில் இல்லை. முள் காட்டிய பக்கம் துடுப்புப் போட முடியாமல் போனதால்தான் பிழைத்தான். வாடைக்காற்று அவனைத் தன் இஷ்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் எங்கோ தெற்கே கரையில் போட்டது.

கஸ்தூரி மண்ணில் விழுந்து புரண்டாள். பிறகு எழுந்து அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு பெட்டியை உடைக்க வந்தாள். நாலு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். நாட்டார் சுப்பராயலு, மறுநாள் காலை கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர்ச் சாட்சியாக அதை உடைத்துக் கடலில் போடுவது என்றும், இனிமேல் இந்தக் குப்பத்துக்குள் அப்படி ஒரு சாமான் வரக் கூடாது என்றும் சொன்னார். அதுவரை குப்பம்மாவின் வீட்டிலேயே கிடக்கட்டும் என்றார். அதைத் தொட வேறு யாருக்கும் தைரியம் இல்லை.

பெண்கள் அவளைக் குளிப்பாட்டினார்கள், தாலியை அறுத்தார்கள், அழுதுவிட்டுப் போனார்கள். பிற்பகல் வெளிச்சத்தில் அவள் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாணிக்கம் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் மனசில் முள்ளாகத் தைத்தது. அசையவே இல்லை. அது எப்படி அசையாமல் இருக்கும்? ஒரு வருஷமாக அவள் பார்த்திருக்கிறாள். தரையில் வைத்தாலே மூச்சுவிடுகிற மாதிரி நடுங்கும். தோணியில் வைத்தால் இப்படியும் அப்படியும் ஆடித்தான் வடக்குக்கு வரும். கடலில், அந்த அலையில், அசையாமல் நின்றதா?

பை வாயை விரித்துப் பார்த்தாள். முள் கட்டிப்போட்ட மாதிரி நின்றது. பையோடு திரும்பினாள். முள்ளும் திரும்பியது. சுவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நீலம் அவளுடைய வலக்கைப் பக்கமே இருந்தது. பெட்டியைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள். முள் சட்டென்று உயிர் வந்தது போல உதறி, ஆடி, வடக்கே போய் நின்றது. பையைக் கிட்டே கொண்டுவந்தாள். முள் வடக்கை விட்டுவிட்டுப் பையின் அடித்தையலைப் பார்த்துத் திரும்பியது.

இரண்டாம் தடவை செய்து பார்க்க அவளுக்குக் கை வரவில்லை. ஆனாலும் செய்தாள். ஆணியைப் பிரித்தெடுத்து, அதை மட்டும் வைத்துப் பார்த்தாள். பிறகு ஆணியைத் தூரப் போட்டுவிட்டு, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். தேசப்பன் அலையை நம்பியிருந்தால் வீட்டுக்கு வந்திருப்பான். பெட்டியை மட்டும் நம்பியிருந்தாலும் வந்திருப்பான். அவள் பெட்டியையும் நம்பினாள், இரும்பையும் நம்பினாள். இரண்டையும் ஒரே பையில் போட்டுத் தைத்து அவன் கழுத்தில் மாட்டினாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காலையில் பெட்டி உடையும். பழி பெட்டியோடும், செத்துப்போன உலாந்தாக்கார மாலுமியோடும் போய்விடும். அவள் புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பாவப்பட்டவள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வரும், கஸ்தூரி அவள் மடியில் தலை வைத்து அழுவாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குப்பத்தில் எவனும் முள்ளுப்பெட்டியைத் தொட மாட்டான். அடுத்த மார்கழிப் பனியில் மறுபடியும் தப்பட்டை அடிப்பார்கள். பதின்மூன்றோடு அது நிற்காது. நைனாவின் கூவல் மூன்றாவது தடவை கேட்காமல் போன காலையை அவள் நினைத்துக்கொண்டாள்.

தாலி அறுத்த மறுநாள் ஒருத்தி அம்மன் கோயில் வாசலுக்கு வரக் கூடாது. அவள் வந்தாள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் ஆணி.

“நாட்டாரே, பொட்டிய ஒடைக்காதீங்க. பொட்டி ஒண்ணும் பண்ல. நான்தான் பண்ணேன்.”

பெட்டியை மணலில் வைத்தாள். ஆணியை ஒரு பக்கம் கொண்டுபோனாள், முள் அந்தப் பக்கம் வந்தது. மறுபக்கம் கொண்டுபோனாள், மறுபக்கம் வந்தது. ஆணியைத் தூக்கி எறிந்தாள், முள் வடக்கே போனது. சுப்பராயலு நம்பவில்லை. எறிந்த ஆணியை எடுத்துவரச் சொல்லி, தானே குந்தி உட்கார்ந்து செய்து பார்த்தார். பிறகு இன்னொருவன் பார்த்தான். பிறகு ஒருவன் தன் மீன்கத்தியை நீட்டிப் பார்த்து, “இதுக்கும் வர்து பார்யா!” என்றான். சாவு விழுந்த இரண்டு வீட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டு நிற்க, ஆண்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு அந்த வேடிக்கையைச் செய்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுப்பராயலுவுக்கு விஷயம் உறைத்தது.

“இரும்ப யாரு வச்சது?”

“நான்தான் பைல வச்சி தச்சேன்.”

“யாரு வைக்கச் சொன்னது?”

கஸ்தூரி எதிரில்தான் நின்றாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. குப்பம்மா அவளைப் பார்க்கவில்லை. கஸ்தூரியின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற சகாதேவனைப் பார்த்தாள்.

“யாரும் சொல்லல. எனக்கே தோணுச்சி, வச்சேன்.”

அப்போதுதான் கஸ்தூரி வாயைத் திறந்தாள். “எம்புள்ளய முழுங்கிட்டியேடி பாவி! புதுசு புதுசா வாங்கி வாங்கி, கடசீல எம்புள்ளய வாங்கிட்டியேடி!” என்று கத்திக்கொண்டு குனிந்து இரண்டு கை மண்ணையும் அள்ளிக் குப்பம்மாவின் முகத்தில் எறிந்தாள். துக்கத்தில் எறிந்தாளா, பயத்தில் எறிந்தாளா? இரண்டும்தான். குப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தியும் கஸ்தூரியைப் பிடிக்க வரவில்லை.

ஊர் தீர்ப்பு சொன்னது. பெட்டிக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது. தூண்டில் முள்ளும் கத்தியும் மரத்தின் பின்தலையில் இருக்க வேண்டும், பெட்டி முன்தலையில் இருக்க வேண்டும். அது நல்ல தீர்ப்பு. குப்பம்மாவின் பெட்டி இனி ஊர்ப் பெட்டி. அதையும் அவள் ஒப்புக்கொண்டாள். மூன்றாவதாக, மரம் இறங்குகிற நேரத்திலும் ஏறுகிற நேரத்திலும் குப்பம்மா கரையில் நிற்கக் கூடாது. எந்த மரத்தின் பெட்டியிலும் அவள் கை படக் கூடாது. இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இரும்பு எப்படி முள்ளை இழுத்தது என்பது ஊருக்குப் புரியவில்லை. ஒரு பெண்ணின் கை ராசி இரண்டு பேரைக் கொன்றது என்பது சுலபமாகப் புரிந்தது. ஆகவே இரும்பையும் விலக்கி வைத்தார்கள், அவளையும் விலக்கி வைத்தார்கள்.

வருஷங்கள் போயின. பெட்டி இரண்டானது, ஐந்தானது, எட்டானது. ஏரியைச் சுற்றியிருந்த குப்பங்களிலிருந்து ஆள்கள் வந்து பார்த்துப் போனார்கள். இரும்பு ஆகாது என்கிற விதியும் பெட்டியோடு சேர்ந்து சுண்ணாம்புக்குளம் வரைக்கும் போனது. கரை தெரியாத தூரத்துக்குப் போவது சாதாரணமாகிவிட்டது. பனியில் தப்பட்டை அடிக்கிற வழக்கமே மறந்துபோனது. இவ்வளவுக்கும் முதலில் வாங்கியவள் யார், என்ன கொடுத்து வாங்கினாள் என்று புதுசாக வந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால், “எவளோ ஒருத்தி இரும்ப வச்சிப் புருசனக் கொன்னா” என்பார்கள். அவளால் இனி மீன் கூடை தூக்க முடியாது என்று ஆயிற்று. அவளிடம் கரையில் யாரும் மீன் போடுவதில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து கயிறு திரித்து வயிற்றைக் கழுவினாள். அதற்குப் பிறகு அவள் புதுப் பொருள் எதையும் வாங்கவில்லை.

பத்தாவது வருஷமோ பதினோராவது வருஷமோ, அதே கார்த்திகை. காலையில் ஒன்பது மரங்கள் போயிருந்தன. ஒன்றில் சகாதேவன், கழுத்தில் பெட்டியோடு. மழைத்திரை இறங்கியது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். குப்பம்மா வீட்டிலேயே இருந்து கயிறு திரித்தாள். கை திரித்ததே தவிர, கயிறு சரியாக வரவில்லை.

நனைந்த கோலத்தில் ஒருத்தி உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தாள். கஸ்தூரி. பத்து வருஷத்தில் அந்த வாசலை மிதிக்காதவள்.

“கரைல நிக்க முடில குப்பு. பயமா கீது.”

“வந்துடுவான்க்கா.”

“அன்னிக்கு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான்தான் வைக்கச் சொன்னேன்னு.”

“சொல்லியிருந்தா? ஒன் கையையும் ராசி கெட்ட கைன்னு வச்சிருப்பாங்க. ஒன் வயித்துல பொறந்தவன எவன் பொட்டி மரத்துல ஏத்துவான்? பொட்டி இல்லாத மரத்துல போயி, இந்நேரம்…”

கஸ்தூரி அவளுடைய கயிறு திரித்துக் காய்த்துப்போன கையைப் பிடித்துக்கொண்டு, பேச வாயெடுத்தாள். அதற்குள் கரையில் கூச்சல் எழுந்தது. மரம்! மரம் வருது! கஸ்தூரி கையை விட்டுவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

சகாதேவனின் மரம் இரண்டாவதாக ஏறியது. கஸ்தூரி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், கங்கையம்மனுக்குப் பொங்கல் வைத்தாள், ஊருக்கே சோறு போட்டாள். குப்பம்மாவைப் பற்றி ஊரில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, சாகிற வரைக்கும் சொல்லவில்லை. அவளைத் திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் அவள் சாவதற்குள் மகனுடைய மகன்களும் பெட்டி மரத்தில் போக ஆரம்பித்திருந்தார்கள்.

குப்பம்மா இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு மரமும் கரையேறும்போது அந்த வீட்டுப் பெண்கள் போடுகிற கூச்சல் அவளுக்குக் கேட்டது. குரலை வைத்தே யாருடைய மரம் என்று தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வந்தாள். உச்சிப்பொழுதுக்குள் ஒன்பதும் வந்துவிட்டன. போனது ஒன்பதுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் கரைச் சத்தம் அடங்கி ஆள்கள் வீடு திரும்பிய பிறகும், கையில் கயிற்றை வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு மரத்துக்காக அவள் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.